எவடம் என்று கேட்காத அக்கா

ஸ்காபரோவிலிருந்து கொலிங்வூட்டுக்குக் காரில் இரண்டு மணித்தியாலம். முதல் தடவை போனபோது, வழி முழுக்க நான் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். "மனிசிக்குச் சனி ஞாயிறும் வேலை. அதுதான் நானும் மகளும் மட்டும் வந்தனாங்கள்." இதைச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட வேண்டும்.

சுகந்தியும் நானும் பிரிந்து அப்போது ஒரு வருடம். மகள் ஆரணிக்குப் பதின்மூன்று வயது. அவள் தாயோடு யூனியன்வில்லில் இருந்தாள். இரண்டு கிழமைக்கு ஒரு சனி ஞாயிறு என்னிடம் வருவாள். நான் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தேன். அந்த அறையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாளைக் கழிப்போம். அந்த வருடம் முழுவதிலும் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பள்ளிக்கூடச் சிநேகிதிகள் பனிமலைக்குப் போய்ப் பலகையில் சறுக்குகிறார்கள், தனக்கும் பழக வேண்டும் என்றாள்.

மலையடியில் இருந்த ஹோட்டல்கள் எங்கள் கைக்கு எட்டாதவை. வேலைத்தலத்தில் ஒரு நண்பன்தான் சொன்னான்: "பக்கத்து ரவுணிலை ஒரு தமிழ் அக்கா இருக்கிறா. மேல்மாடியிலை ரெண்டு றூம் வாடகைக்குக் குடுக்கிறா. சாப்பாடும் தருவா. மலைக்குக் கால் மணித்தியாலம்தான்."

எனக்கு அது பயமாக இருந்தது. தமிழ் வீடு என்றால் கேள்வி. முதலில் "எவடம்?" என்று தொடங்கும். ஊரைச் சொன்னால், "அதிலை எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "ஆற்றை மகன்?" என்று தகப்பனின் பெயர். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, மனிசி எவடம், எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றோடு நிப்பாட்டினீர்கள் என்று போகும். நான் எந்தப் படியில் தடக்கி விழுவேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டையான உருவம், ஒட்ட வெட்டிய தலைமயிர், முழுநீளச் சட்டைக்கு மேலே ஆண்கள் போடும் தடித்த கம்பளி ஸ்வெற்றர். 

"வாங்கோ. சப்பாத்தைக் கதவடியிலை கழட்டுங்கோ. பிள்ளைக்கு உறைப்புக் கூடவோ குறையவோ?"

"குறைய," என்றேன். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. ஆனாலும் இரண்டு மணித்தியாலம் மனப்பாடம் பண்ணிய வசனம் வாயிலிருந்து தானாகவே விழுந்துவிட்டது. "மனிசிக்குச் சனி ஞாயிறும் வேலை..."

"நல்ல குளிர். உள்ளுக்கை வாங்கோ, கதவைச் சாத்துவம்," என்றார் அக்கா.

அன்று இரவு புட்டும் கத்தரிக்காய்க் கறியும் தந்தார். மறுநாள் மலையில் எந்தப் பக்கம் பழகுகிறவர்களுக்கு நல்லது, பலகையை எந்தக் கடையில் வாடகைக்கு எடுக்கலாம், கையுறைக்குள்ளே இன்னொரு மெல்லிய கையுறை போட வேண்டும் என்பதெல்லாம் சொன்னார். எங்களைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஞாயிறு பின்னேரம் வெளிக்கிடும்போது எனக்கு ஏனோ மனம் குறுகுறுத்தது. இவர் தலைக்கனம் பிடித்தவரோ, எங்களை ஒரு ஆட்களாகவே எடுக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். கேட்டால் எரிச்சல் வருகிறது, கேட்காவிட்டால் குறையாக இருக்கிறது. நாங்கள் அப்படிப் பழகிப்போன சனம்.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு ஆரணி காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "அந்த அன்ரி வியேர்ட், அப்பா. ஒண்டுமே கேக்கேல்லை."

"ஓம்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஐ லைக் இற்," என்றாள்.

அதன் பிறகு பனிக்காலம்தோறும் நாங்கள் அந்த வீட்டில் தங்கினோம். எங்களைப் போலவே பிக்கரிங்கில் இருந்தும் பிறம்ரனில் இருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. மலைக்கு வருகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாதிப்பேர் மலைக்கு ஒருநாள் போய்விட்டு, மற்ற நாள் அக்காவின் குசினியில் தேத்தண்ணியோடு இருப்பார்கள்.

அக்கா கிழமை நாட்களில் அந்த ஊர் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தார். வயதானவர்களைக் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. அங்கேயும் அவர் அப்படித்தானாம். அவரோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னாள். மற்றவர்கள் அறைக்குள் நுழையும்போதே எப்படி இருக்கிறீர்கள், நித்திரை வந்ததா, மகன் வந்தாரா என்று கேட்டுக்கொண்டு போவார்கள். அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டு, "இண்டைக்கு வெய்யில்," என்று ஆங்கிலத்தில் சொல்வாராம். கிழவர்கள் தாங்களாகவே கதைக்கத் தொடங்குவார்களாம்.

யாராவது கதைக்கத் தொடங்கினால் அக்கா செய்கிற ஒரு காரியம் இருந்தது. அடுப்பை அணைத்துவிடுவார். தாளித்துக்கொண்டிருந்தாலும் அணைப்பார். கையைத் துடைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்று கேட்பார். கதை முடிந்த பிறகு, "ம்," என்று சொல்லி அடுப்பைத் திரும்ப மூட்டுவார். கறி பிந்தும். யாரும் குறை சொன்னதில்லை.

அவரைப் பற்றியும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஹோலில் சுவாமிப் படமும் இல்லை, சிலுவையும் இல்லை. மருந்துக்கடைக் கலண்டர் ஒன்றுதான் தொங்கியது. வருகிறவர்கள் படுக்கப் போகும்போது தங்களுக்குள் குசுகுசுத்து ஆராய்ச்சி செய்வார்கள். எல்லோரும் அவரை அக்கா, அன்ரி என்று கூப்பிட்டதால் பெயர்கூட யாருக்கும் தேவைப்படவில்லை.

எங்கள் முதல் பனிக்காலத்தின் கடைசியில் பிக்கரிங்கிலிருந்து ஒரு அண்ணை குடும்பத்தோடு வந்தார். ஓய்வுபெற்றவர், கலகலப்பானவர், நல்ல மனுசன்தான். காலைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே வந்து இருந்தார்.

"தம்பி ஊரிலை எவடம்?"

சொன்னேன்.

"அட, அங்கை எனக்கு ஆக்கள் இருக்கினம். எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ?"

"அண்ணை, சம்பல் போடட்டோ?" என்று அக்கா நடுவில் வந்தார்.

"போடுங்கோ, போடுங்கோ. அப்ப தம்பி, மனிசியும் அவடமோ? அவ வரேல்லையோ?"

"அவவுக்கு... வேலை," என்றேன்.

"சனிக்கிழமையிலையோ? என்ன வேலை?"

நான் றொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஆரணி பக்கத்தில் இருந்தாள். அவள் தலை நிமிராமல், "அப்பாவும் அம்மாவும் செப்பரேற்றட்," என்றாள். "அம்மா எங்களோடை வாறேல்லை. ஓகே?"

அண்ணையின் மனைவி கணவரின் காலை மிதித்திருக்க வேண்டும், மேசை ஒருமுறை ஆடியது. அண்ணைக்கு முகம் கறுத்துப் போயிற்று. அவர் மன்னிப்புக் கேட்கப் பார்த்தார்.

அக்கா ஆரணியின் தோளில் கையை வைக்கவில்லை, பாவம் என்ற முகமும் காட்டவில்லை. "பிள்ளை, உம்மடை கையுறை ஹீற்றருக்கு மேலை காயுது. காய்ஞ்சிட்டுதோ எண்டு தெரியேல்லை, ஒருக்கா வந்து பாரும்," என்று கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அண்ணையின் தட்டில் ஒரு சூடான றொட்டியை வைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது மேசைக்கு மேலே சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. தடித்த பேனையால் எழுதியிருந்தார்:

"இந்த மேசையில் சாப்பாட்டையும் ஸ்நோவையும் பற்றி மட்டும் கதைக்கவும்."

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அதைப் படம் எடுத்தார்கள். பிக்கரிங் அண்ணையும் மறுபடி வந்தார். ஒரு முழுக் காலைச் சாப்பாட்டையும் ஸ்நோ எத்தனை அங்குலம் என்பதிலேயே அவர் ஓட்டி முடித்ததை நான் பார்த்தேன். அவருக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

அந்த வீட்டில்தான் ஆரணி கதைக்கத் தொடங்கினாள். என்னிடம் இல்லை, அக்காவிடம். மலையிலிருந்து வந்து உடுப்பு மாற்றியதும் நேரே குசினிக்குப் போவாள். ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் ஆங்கிலமுமாக அவள் குரல் ஓடிக்கொண்டிருக்கும். நான் மேலே அறையில் இருந்து கேட்பேன். சொற்கள் விளங்காது, அடுப்பு அணைந்திருக்கிறது என்பது மட்டும் வாசனை நின்றுபோனதில் தெரியும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"பிள்ளை என்னக்கா சொல்லுறா?"

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கனக்கச் சொல்லுறா," என்றார். அவ்வளவுதான்.

எல்லா நேரமும் அந்தக் கேட்காத குணம் எனக்குச் சரியாகப் பட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பனிக்காலத்தில் மற்ற அறைக்கு ஒரு இளம் தம்பதி வந்தார்கள், கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள்தான். பெடியன் சிரிக்கச் சிரிக்கக் கதைத்தான். அந்தப் பெண் குளியலறைக்குள் போனால் நெடுநேரம் வெளியே வரமாட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்பது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவர் ஒரு துவாயையும் ஒரு கப் தேத்தண்ணியையும் கதவடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். கேட்க வேண்டாமா என்று நினைத்தேன். நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் அவர்கள் போய்விட்டார்கள். கார் மூலையில் திரும்பி மறைந்த பிறகும் அக்கா யன்னலடியிலேயே நின்றார். அன்று மத்தியானச் சோறு அடிப்பிடித்திருந்தது.

மூன்றாம் பனிக்காலம், பெப்ரவரி மாதச் சனிக்கிழமை. ஆரணிக்குப் பதினைந்து வயது. அவள் அப்போது மலையின் செங்குத்தான பக்கத்தில் இறங்குகிற அளவுக்குத் தேறியிருந்தாள். நான் வழமைபோல மலையடிச் சாப்பாட்டுக் கடையில் கண்ணாடியோரம் கோப்பியோடு இருந்தேன். நாலு மணிக்கு வந்தாள்.

"எப்பிடி?" என்றேன்.

"ஃபைன்."

அந்த ஒரு சொல் எனக்குப் போதும். அவளும் நானும் அப்படித்தான் பழகியிருந்தோம். கார் ஓட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

வீட்டில் அவள் குசினி வாங்குப் பலகையில் யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தாள். "அன்ரி, வட்ஸ் ஃபோர் டினர்?" என்று கேட்டாள்.

"இடியப்பமும் சொதியும்."

நான் மேசையில் வந்து இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆரணி மறுபடி கேட்டாள்: "அன்ரி, வட்ஸ் ஃபோர் டினர்?"

அக்கா அடுப்பை அணைத்தார். அவள் முன்னால் வந்து குந்தி இருந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, விழுந்தனீரோ?"

"நோ."

"எங்கை அடிபட்டது?"

"நான் ஓகே அன்ரி."

"தம்பி, ஹெல்மெற்றைக் கொண்டு வாரும்."

கொண்டுவந்தேன். பின்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. காருக்குள் அதைத் தூக்கி வைத்தது நான். பார்க்கவில்லை.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"சட்டர்டே."

"காலமை என்ன சாப்பிட்டனீர்? ஆர் பக்கத்திலை இருந்தது? லிஃப்ற்றிலை ஆரோடை போனனீர்? வயிறு பிரட்டுதோ, சத்தி வருதோ? வெளிச்சம் குத்துதோ?"

இரண்டு வருடத்துக்கு மேலாக எங்களிடம் கேட்காத கேள்விகளையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டதுபோல இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்பதற்கு ஆரணியால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு என்னைப் பார்த்து அழத் தொடங்கினாள்.

"ப்ளீஸ் அப்பா, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. நீங்கள் சண்டை பிடிப்பீங்கள். பிறகு இஞ்சை வர விடமாட்டா."

அக்கா அதற்குள் தன் ஜக்கெற்றைப் போட்டுவிட்டார். "காரை எடும். ஆசுப்பத்திரி அஞ்சு நிமிசம்," என்றார்.

மூளை குலுங்கியிருக்கிறது, ஆனால் உள்ளே இரத்தக் கசிவு இல்லை என்று டொக்டர் சொல்ல இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில், ஸ்கானுக்கு ஆரணியை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பிளாஸ்டிக் கதிரையில் அக்கா என் பக்கத்தில் இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே கதைத்தார்.

"நானும் முந்தி ஸ்காபரோவிலைதான் இருந்தனான்," என்றார். "ஒரு பிறந்தநாள் வீட்டிலை ஒரு மனிசி எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டா. இல்லையெண்டன். ஆரிலை பிழை எண்டு கேட்டா. கேக் வாயுக்கை இருந்தது, தம்பி. விழுங்கவும் ஏலேல்லை, துப்பவும் ஏலேல்லை."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிறகு போற இடமெல்லாம் உதுதான். வீட்டிலை அவருக்கும் எனக்கும் கதையும் உதுதான். ஒரு கட்டத்திலை நான் வெளிக்கிட்டிட்டன். இஞ்சை வேலை கிடைச்சுது. இந்த ஊரிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாதம் வாய் திறந்து தமிழ் கதைக்கேல்லை. ஒருநாள் குசினியிலை தனிய நிண்டு வெங்காயத்தோடை கதைச்சுக்கொண்டிருந்தன். 'ஏன் இப்பிடி எரிக்கிறாய்' எண்டு. அதுக்குப் பிறகுதான் றூம் வாடகைக்கு விடுவமெண்டு யோசிச்சது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிப்போய்ச் சொன்னார்: "அண்டைக்கு அந்தப் பிள்ளையிட்டை நான் கேட்டிருக்க வேணும்."

எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லத் தேவையில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத பெண்ணை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அவள் பிறகு எங்கே, எப்படி இருந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் கடைசிவரை தெரிய வரவில்லை.

நான் போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். சுகந்தியின் இலக்கம் திரையில் இருந்தது. "நான் கோப்பி எடுத்துக்கொண்டு வாறன்," என்று அக்கா எழும்பினார். கோப்பி இயந்திரம் எங்களுக்கு எதிரேயே இருந்தது. அவர் அதைத் தாண்டி நீண்ட நடையின் மற்ற அந்தத்துக்கு நடந்து போனார். நான் அழைத்தேன்.

சுகந்தி பனிப்புயலுக்குள் தனியே காரோட்டி வந்தாள். நாங்கள் அக்காவின் வீட்டுக்குத் திரும்பி ஒரு மணித்தியாலத்தில் வாசலில் நின்றாள். தலையிலும் தோளிலும் பனி. அக்கா கதவைத் திறந்து, அவளை ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளை மேலை படுத்திருக்கிறா. நல்லாயிருக்கிறா. சப்பாத்தோடையே போங்கோ."

அந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு யாரும் போய் நான் கண்டதில்லை. சுகந்தி படிகளில் ஏறி ஓடினாள். அக்கா ஒரு துணியை எடுத்து அவள் விட்டுப்போன ஈரத்தைப் படிபடியாகத் துடைத்தார்.

பிறகு எங்கள் இருவருக்கும் மேசையில் இரண்டு தட்டு வைத்தார். சொதியை ஊற்றினார். "நான் பிள்ளையோடை இருக்கிறன்," என்று மேலே போய்விட்டார். சுகந்தி தலைக்கு மேலே இருந்த கடதாசியை வாசித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது. முதலில் இடியப்பத்தைப் பற்றிக் கதைத்தோம். பிறகு ஸ்நோவைப் பற்றி. பிறகு மகளைப் பற்றி. விழுந்ததை மறைக்கிற அளவுக்கு எங்கள் பிள்ளை எங்களுக்குப் பயந்திருக்கிறாள் என்பதை நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்து ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். லோயர்மார் இல்லாமல் அவ்வளவு நேரம் நாங்கள் கதைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நாங்கள் திரும்பச் சேர்ந்து வாழவில்லை. அப்படி ஒரு முடிவை எதிர்பார்த்து இதை வாசிப்பவர்களுக்கு அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஆரணிக்கு எங்களில் ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் மறைக்கத் தேவை வரவில்லை. அடுத்த பனிக்காலம் டொக்டர் சம்மதித்ததும், சுகந்தியும் ஆரணியும் கொலிங்வூட்டுக்குப் போய் வந்தார்கள். அக்கா இருவருக்கும் ஒரே அறையைக் கொடுத்தாராம். நான் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லையாம்.

ஆரணி பல்கலைக்கழகத்துக்குப் போனதோடு எங்கள் மலைப் பயணங்கள் நின்றுபோயின. ஆங்கில வருசப் பிறப்புக்கு நான் அக்காவுக்குப் போன் எடுப்பேன். அவர் அங்கே எத்தனை அங்குலம் ஸ்நோ என்று சொல்வார், நான் இங்கே எத்தனை என்று சொல்வேன். ஒரு வருடம் நான் எடுத்தபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் என்னைத் தேடி அழைத்தாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த துண்டில் என் இலக்கம் இருந்ததாம். அக்காவுக்கு மறதி வந்துவிட்டது, வீட்டை விற்றாயிற்று, தான் வேலை செய்த முதியோர் இல்லத்திலேயே இப்போது அவர் இருக்கிறார் என்றாள்.

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை போனோம். ஆரணிதான் கார் ஓட்டினாள். அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. அறைக் கதவடியில் அந்தப் பெண் எங்களை நிறுத்தி, அக்கா எங்களை அடையாளம் காணாமல் விடலாம் என்றாள். "அதோடு, நிறையக் கேள்வி கேட்பா. கோபிக்க வேண்டாம்," என்றாள்.

ஆளை மாறிச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அக்கா யன்னலோரக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். தலைமயிர் முழுவதும் வெள்ளை. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ, இருங்கோ. எவடம்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "ஸ்காபரோ அக்கா," என்றேன்.

"அது இப்ப. ஊரிலை எவடம்?"

சொன்னேன்.

"அதிலை எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"மனிசி வரேல்லையோ?"

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ வருடங்களாக அந்தக் கேள்விக்கு நான் நெளிந்திருக்கிறேன், வேலை என்றிருக்கிறேன், சுகமில்லை என்றிருக்கிறேன். 

"நாங்கள் பிரிஞ்சிட்டம் அக்கா. கனகாலம்."

"ஏன்?"

இதை யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அக்காவின் கண்ணில் வம்பு இல்லை, அவசரமும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நான் ஒண்டும் கதைக்கிறேல்லை அக்கா," என்றேன். "வேலையிலை என்ன, மனதிலை என்ன, ஒண்டும் சொல்லமாட்டன். அவ கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனா."

"ம்," என்றார் அக்கா.

ஆரணி தன் கதிரையைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் அக்கா மறுபடி தொடங்கினார். எவடம், எந்தப் பக்கம், ஆற்றை பிள்ளை, மனிசி வரேல்லையோ. இந்த முறை ஆரணியும் சேர்ந்து பதில் சொன்னாள். தன் வேலை, தன் சிநேகிதன், அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டார், மூன்றாம் முறையும் சொன்னோம். எனக்கு ஒவ்வொரு முறையும் அது சொல்லச் சுகமாகிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு அக்கா கேட்பதை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கோ காத்திருப்பதுபோல இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அவரைப் பற்றி ஒருதரம்கூட எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் எங்களைக் கேட்காதபடியால் நாங்களும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

"அக்கா," என்றேன். "நீங்கள் எவடம்?"

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்தார்.

"அப்பா றெயில்வே," என்றார். "மூண்டு வரியத்துக்கு ஒருக்கா அவருக்கு ட்றான்ஸ்பர் வரும். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு நாங்களும் பின்னாலை போவம். நான் பிறந்தது முருங்கன். நடக்கப் பழகினது பேசாலை. ஏடு தொடக்கினது மாங்குளம். பெரியபிள்ளையானது பளையிலை. எல்லா இடத்திலையும் ஸ்ரேசன் குவாட்டர்ஸ்தான். எல்லா இடத்திலையும் சனம் 'நீங்கள் இஞ்சத்தை ஆக்கள் இல்லையே' எண்டு சொல்லும்."

விரல்களை மடித்து எண்ணிக்கொண்டு வந்தவர், மறு கைக்கு மாறினார். கலியாணம் முடித்தது வவுனியா. பிறகு கொழும்பு. பிறகு ஸ்காபரோ.

"பிறகு?" என்று ஆரணி கேட்டாள்.

"பிறகு கொலிங்வூட். இஞ்சைதான் எல்லாத்திலும் கூடக்காலம் நிண்டனான்." கதிரையின் கைப்பிடியை மெதுவாகத் தட்டினார். "இன்னும் ட்றான்ஸ்பர் வரேல்லை."

அவருக்கே அது பகிடியாகப் பட்டிருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆரணி அவருடைய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே தூரத்தில் மலையின் சறுக்குப் பாதைகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. அக்கா கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"தம்பி எவடம்?"

நான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.